கைதட்டியவர்களில் நானும் ஒருவன்

நான் ஒரு சினிமாப் பைத்தியம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சினிமா மக்களை மயக்கும் போதை, அதை விட்டொழியுங்கள் என்று மேலே நின்றுகொண்டு புத்தி சொல்லும் கட்டுரை அல்ல இது. அப்படிப் புத்தி சொல்பவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருந்ததில்லை. செங்குன்றம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு வந்த என் அப்பாவுக்கு இருந்த ஒரே சொகுசு ராத்திரி ஆட்டம்தான். அவர் தோளில் உட்கார்ந்து போனவன் நான். இன்றைக்கும் முதல் நாள் படம் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காதல் படத்தில் தூங்கிவிடுவேன். சண்டைப்படம், ரவுடிப்படம், போலீஸ் படம், அரசியல் சதிப்படம் என்றால் கண்ணிமைக்க மாட்டேன். அந்த ருசியோடுதான் இதை எழுதுகிறேன். என் கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது எப்போதெல்லாம் தட்டியது, யாருக்காகத் தட்டியது என்பதுதான் விசயம்.

2003ஆம் வருசம். மே மாதம் ‘சாமி’ வந்தது. ஆகஸ்டில் ‘காக்க காக்க’ வந்தது. இரண்டுக்கும் நடுவில், ஜூலையில், மெரினா கடற்கரையில் அயோத்தியாகுப்பத்தைச் சேர்ந்த ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர் ரவுடி என்று செய்தி சொன்னது. நான் அப்போது அரைக்கால் சட்டைப் பையன். படத்தில் போலீஸ்காரர் சுடுகிறார், ரவுடி விழுகிறான், தியேட்டர் எழுந்து நின்று விசில் அடிக்கிறது. அதில் மனித உரிமை பேசுகிறவர்கள் நல்ல போலீஸின் வேலைக்கு இடைஞ்சலாக வருகிற ஆட்கள். நானும் கைதட்டினேன். வீட்டுக்கு வந்து துப்பாக்கி போல விரலை நீட்டிக்கொண்டு ஆடியபோது அம்மா கேட்டது: “இன்னாடா ஆட்டம் போடுற? சுட்டுச் செத்தவன் எந்த ஏரியாக்காரன்னு பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதபடிதான் படம் எடுத்திருந்தார்கள். செத்தவனுக்குப் பெயர் இருந்தது, அடைமொழி இருந்தது, அரிவாள் இருந்தது. அம்மா இல்லை. தெரு இல்லை. பள்ளிக்கூடம் எப்போது நின்றது என்ற கணக்கு இல்லை. ஜூலைச் செய்தியையும் ஆகஸ்டு படத்தையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே படத்தின் இடைவேளைக்கு முன், பின் மாதிரி இருந்தன.

மூன்று வருசம் கழித்து ஜெயில் எங்கள் ஊருக்கே வந்தது. 1837இலிருந்து சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரில் கிடந்த மத்திய சிறையை 2006இல் புழலுக்கு மாற்றினார்கள். 2009இல் பழைய கட்டடத்தை இடித்தார்கள். அதுவரை புழல் என்றால் ஏரி. சென்னைக்குக் குடிதண்ணீர். 2006க்குப் பிறகு புழல் என்றால் சிறை. “புழல்ல போட்டுடுவேன்” என்று படத்தில் போலீஸ் மிரட்டுகிறார். “புழல்லேருந்து வர்றேன்” என்று ரவுடி பெருமையடிக்கிறான். நான் எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்தபோது ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “புழலா? உள்ளயா, வெளியவா?” நானும் சிரித்து வைத்தேன். வேலை வேண்டுமே. ஒரு நகரத்துக்கே தண்ணீர் கொடுத்த ஊரின் பெயரைத் தண்டனையின் பெயராக மாற்றியதில் அரசாங்கத்துக்குப் பாதிப் பங்கு என்றால் சினிமாவுக்கு மீதிப் பங்கு.

‘புதுப்பேட்டை’, ‘பொல்லாதவன்’ இரண்டையும் நான் எண்ண முடியாத தடவை பார்த்திருக்கிறேன். ஒன்று 2006, மற்றொன்று 2007. சினிமாவாகப் பார்த்தால் இரண்டுமே கெட்டி. அதில்தான் ஆபத்து. ‘பொல்லாதவ’னில் பைக்கைப் பறிகொடுத்தவன் நாயகன். பைக் போய்ச் சேருகிற இடம் வடசென்னை. படம் பார்க்கிறவன் நாயகனோடு கூடவே பாலம் தாண்டி எங்கள் பகுதிக்குள் பயந்துகொண்டே நுழைகிறான். அந்தப் பயம் யாருடைய பயம்? ராயபுரத்தில் பிறந்தவன் ராயபுரத்துக்குள் நுழைய ஏன் பயப்பட வேண்டும்? ஆனால் நாங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கண்ணை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, எங்கள் தெருவைப் பார்த்து நாங்களே பயந்தோம். ஆதிக்கக் கருத்தியல் என்று கூட்டங்களில் பேசுகிறோமே, அது புத்தகத்தில் இல்லை. டிக்கெட் வாங்கி நாமே உள்ளே போய் உட்காருகிற இடத்தில் இருக்கிறது.

மொழியும் அப்படித்தான். ‘இன்னா’, ‘துட்டு’, ‘பேஜார்’ என்று பேசினால் ஒன்று அவன் ரவுடி, இல்லாவிட்டால் கோமாளி. ஐ.ஏ.எஸ். அதிகாரி அப்படிப் பேசி எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? தமிழ் படித்த காலத்தில் எங்கள் பேச்சைக் கொச்சை என்று வகுப்பில் சொன்னார்கள். தியேட்டரில் அதே பேச்சுக்குக் காசு வசூல் செய்தார்கள்.

என் சித்தி மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயது. அரிசி ஆலையில் லோடு வேலை. பிறந்தநாளன்று நண்பர்கள் சேர்ந்து கேக் வாங்கினார்கள். எவனோ ஒரு பட்டாக்கத்தியைக் கொண்டுவந்தான். படத்தில் நாயகன் செய்வதுபோல இவன் கத்தியால் கேக்கை வெட்டினான். பின்னால் ஒரு படத்தின் பின்னணி இசையைப் போட்டு ஸ்டேட்டஸில் வைத்தான். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். எந்த நிலையம் என்று எழுதவில்லை. எந்த நிலையமாக இருந்தாலும் கதை இதுதான். மறுநாள் வலது கையில் மாவுக்கட்டோடு ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம். கீழே சிரிக்கிற பொம்மைகள். ‘தரமான சம்பவம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கத்தியைத் தூக்கியது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவன் பண்ணினது முட்டாள்தனம், அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆனால் கேளுங்கள். அதே கத்தியை அதே மாதிரி தூக்குகிற நாயகனுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், கட்-அவுட்டுக்குப் பால். அதைப் பார்த்துச் செய்த பையனுக்கு மாவுக்கட்டு. கத்தியைக் கொடுத்தது யார்? கையை ஒடித்தது யார்? கை ஒடிந்த படத்தைப் பார்த்துச் சிரித்தது யார்?

புழலில் அவனை மனு பார்க்கப் போனோம். சிறை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சித்தி காலையிலேயே போய் வரிசையில் நின்றது. உள்ளே பேசக் கிடைத்தது சில நிமிசம். “சாப்டியா”, “சாப்ட்டேன்” என்பதற்குள் முடிந்தது. அந்த வரிசையைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். கைக்குழந்தையோடு நிற்கிற பெண்கள், கூலிவேலைக்கு ஒருநாள் லீவு போட்டு வந்த தகப்பன்மார்கள், வக்கீல் ஃபீஸுக்குக் கம்மலைக் கழற்றிய பாட்டிகள். ஜெயில் படங்களில் உள்ளே கேங்க் இருக்கும், கேரம்போர்டு இருக்கும், கஞ்சா இருக்கும், கொலைத்திட்டம் இருக்கும். இந்த வரிசை இருக்காது. ஜெயில் என்றால் உள்ளே இருப்பவனுக்கு மட்டும் தண்டனை என்று நினைக்கிறவன் எடுத்த படம் அது.

இன்னொன்றும் அந்தப் படங்களில் இருக்காது. 2022ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்குக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. சிறைக்குள் சாதி எப்படி நடமாடுகிறது என்பதும் இருக்காது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததை மோதலைத் தடுக்கத்தான் செய்தோம் என்று அரசு நீதிமன்றத்திலேயே நியாயப்படுத்தியது. சாதி பார்த்து வேலை கொடுப்பதும் சாதி பார்த்து அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம், சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டமே இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3ஆம் தேதி சொன்னது. சுதந்திரம் வந்து 77 வருசம் ஆன பிறகு! இது கதை இல்லையா? இதில் திருப்பம் இல்லையா?

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லுகிற 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். 2004இல் அந்தச் சட்டத்துக்குள் ஒரு புதுவகைக் குற்றவாளியைச் சேர்த்தார்கள். திருட்டு வீடியோக்காரன்! சினிமாக்காரர்கள் கேட்டார்கள், அரசாங்கம் கொடுத்தது. திருட்டு சி.டி. விற்ற பிளாட்பாரக் கடைப் பையன் குண்டர் ஆனான். யோசித்துப் பாருங்கள். எங்களைக் குண்டர்களாகக் காட்டிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பத்து ரூபாய்க்கு விற்றவனையும் குண்டர் என்று உள்ளே போட வழி பண்ணினார்கள். இதைவிட நல்ல அரசியல் சதிப்படத்துக்கு யார் கதை எழுத முடியும்?

“இப்போ நிலைமை மாறிடுச்சே, நம்ம ஆளுங்களே படம் எடுக்கறாங்களே” என்று தோழர்கள் கேட்பார்கள். மாறியிருக்கிறது. 2014இல் ‘மெட்ராஸ்’ வந்தபோது ஒரு சுவரை வைத்துக்கொண்டு யார் யாரை வெட்ட வைக்கிறார்கள் என்று காட்டியது. கால்பந்து, கல்யாணம், சாவு, புத்தகம் எல்லாம் இருக்கிற தெருவாக எங்கள் தெருவைத் திரையில் பார்த்தபோது நான் அழுதேன். 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ எங்கள் தாத்தாக்களின் குத்துச்சண்டைக் களத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2018இல் வந்த ‘வடசென்னை’ நிலத்தைப் பிடுங்குகிற அரசியலைப் பேசியது. அதே சமயம் மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் இயக்குநர் வருத்தம் தெரிவித்துக் காட்சியை நீக்க வேண்டிவந்தது. நல்ல படம் எடுக்கிறவருக்குக்கூடப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கிற மக்கள் வேண்டும் என்பதுதான் அதில் பாடம்.

ஆனால் என் சண்டை இப்போது கெட்ட படங்களோடு இல்லை. நல்ல படங்களோடு. 2021இல் ‘ஜெய் பீம்’. 2024 அக்டோபரில் அதே இயக்குநரின் ‘வேட்டையன்’. ‘வேட்டைய’னில் ஓர் ஏழை இளைஞனை என்கவுன்டரில் கொல்கிறார்கள். தியேட்டர் கைதட்டுகிறது. பிறகு அவன் நிரபராதி என்று தெரிகிறது. தட்டிய கை கூசுகிறது. நல்ல வேலைதான், பாராட்டுகிறேன். ஆனால் வெளியே வரும்போது என் பக்கத்தில் நடந்தவர் சொன்னார்: “தப்பு பண்ணாதவனைச் சுட்டதுதான் சார் தப்பு. பண்ணவனா இருந்தா ஓகே.” இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம்! நம்முடைய நல்ல படங்கள் எல்லாமே செத்தவனை நிரபராதியாக்கித்தான் நமக்காக வழக்காடுகின்றன. அவன் உத்தமன், பொண்டாட்டி பிள்ளைமேல் உயிரை வைத்தவன், எலியைக்கூடக் கேட்டுத்தான் பிடிப்பான். அதனால் அவனைக் கொன்றது அநியாயம். அப்படியானால் உத்தமனாக இல்லாதவன்? கேக்கை வெட்டியவன்? நிஜமாகவே திருடியவன்? நிஜமாகவே கொன்றவன்?

பாபாசாகேப் தலைமையில் எழுதிய அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உயிரைப் பற்றிப் பேசும்போது ‘நல்லவர்’ என்று சொல்லவில்லை, ‘நிரபராதி’ என்று சொல்லவில்லை. ‘நபர்’ என்று சொல்கிறது. ‘குடிமகன்’ என்றுகூடச் சொல்லவில்லை. எந்த நபரின் உயிரையும் சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் பறிக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லின் உயரத்தை நம் சினிமா இன்னும் எட்டவில்லை. ஓரளவு கிட்டத்தில் வந்தது ‘விசாரணை’. அடிவாங்கிய ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தானே எழுதிய ‘லாக்கப்’பிலிருந்து பிறந்தது என்பதால் இருக்கலாம். அதில் அதிகாரத்துக்கு வேண்டப்பட்டவராக இருந்த ஆடிட்டரும் அதே இயந்திரத்தில் அரைபடுகிறார். அந்த இயந்திரம் நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை.

இதை இவ்வளவு நிதானமாக எழுதுகிறேனே, எனக்கு இது எப்போது புரிந்தது தெரியுமா? 2024 ஜூலை 5. அன்று மாலை பெரம்பூரில், கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டின் அருகே, பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். வக்கீல். எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அன்றிரவே சில தொலைக்காட்சிகள் ரவுடிப் படத்துக்குத் திரைக்கதை எழுத ஆரம்பித்துவிட்டன. கேங்க் பகை, பழிக்குப் பழி, பழைய வழக்குகளின் பட்டியல். ஒரு கட்சியின் மாநிலத் தலைவர் செத்த செய்தியைப் பின்னணி இசை போட்டு ஓட்டினார்கள். பெரம்பூரில் அடக்கம் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. எங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத பொத்தூரில்தான் மண் கிடைத்தது. அந்த ராத்திரி நாங்கள் யாரும் தூங்கவில்லை.

ஒன்பதாவது நாள், ஜூலை 14 அதிகாலை, அந்த வழக்கில் கைதாகிப் போலீஸ் காவலில் இருந்தவர்களில் ஒருவரை மாதவரம் பக்கம் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடினார், போலீஸை நோக்கிச் சுட்டார் என்றார்கள். செய்தி வந்ததும் எங்கள் தெருவில் ஒருவன் கைதட்டினான். இன்னொருவன் தட்டினான். தோழர்களே, நானும் தட்டினேன். மூன்று தட்டு. அதற்குமேல் கை போகவில்லை. அம்மா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்தோரு வருசம் கழித்து அதே பார்வை.

செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான். வெட்டியவன் யார் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். அனுப்பியவன் யார், பணம் கொடுத்தவன் யார், லாபம் அடைந்தவன் யார் என்பதைச் சொல்லக்கூடிய ஒரு வாய் அன்றைக்கு மூடிவிட்டது. நான் அதற்குக் கைதட்டியிருக்கிறேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை எனக்கு யார் கற்றுக் கொடுத்தது? என் கட்சி கற்றுக் கொடுக்கவில்லை. என் அம்மா கற்றுக் கொடுக்கவில்லை. 2003இல் இருட்டில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது அது. அந்த ஜூலையில் பொறுப்பேற்ற காவல் ஆணையர், ரவுடிகளுக்குப் புரிகிற மொழியிலேயே பேசுவோம் என்ற பொருள்படச் சொன்னார். சினிமா வசனம் மாதிரியே இருக்கிறதே என்று எங்கள் ஆட்களே ரசித்தார்கள். செப்டம்பர் 18 வியாசர்பாடியில் ஒருவர். செப்டம்பர் 23 நீலாங்கரைப் பக்கம் ஒருவர். மூன்று மாதத்துக்குள் மூன்று பிணம். மூன்றிலும் ஒரே திரைக்கதை.

புழல் காவாங்கரையில் ஈழத்து மக்களின் அகதி முகாம் இருக்கிறது. அங்கே எனக்கு ஓர் அண்ணன். அவரும் என்னைப் போலப் படப்பைத்தியம். போர்ப்படம் எதையும் விடமாட்டார். ‘ரோஜா’விலிருந்து ‘அமரன்’ வரை பேசுவோம். ஒருநாள் சொன்னார்: “தம்பி, எல்லாப் போர்ப்படத்திலயும் ஒருத்தருக்கு வீடு இருக்கும், மனுசி இருப்பா, கடிதம் வரும். மற்றவருக்குத் துவக்கு மட்டும்தான் இருக்கும். எங்கட சனத்தைப் பற்றி எடுத்த படத்தில நாங்கள் சில நேரம் ரெண்டாவது ஆள்.” ராஜீவ் கொலையைப் பற்றிய ‘குற்றப்பத்திரிகை’ படம் தணிக்கையில் சிக்கி, எடுத்துப் பல வருசம் கழித்து 2007இல்தான் வெளியானது. 1991க்குப் பிறகு முகாமில் வரிசையில் நிறுத்தித் தலை எண்ணிய கதை இன்னும் படமாகவே இல்லை. போர்ப்படத்தின் இலக்கணமும் ரவுடிப்படத்தின் இலக்கணமும் ஒன்றுதான். காஷ்மீரோ, வன்னியோ, வியாசர்பாடியோ, அங்கே இருப்பவனுக்கு முகவரி இருக்கும். வீடு இருக்காது.

குற்றப்படம் வேண்டுமா? நான் கதை சொல்கிறேன். 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளம். எண்ணூர்க் கழிமுகத்தில் கறுப்பு எண்ணெய் படிகிறது. மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொல்கிறது. மீனவர்கள் படகில் போய் வெறும் பக்கெட்டில் எண்ணெயை மொண்டு எடுக்கிறார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிகிறது. தூக்கத்திலிருந்து எழுந்த சனம் மூச்சுத் திணறிக் கைக்குழந்தைகளோடு தெருவில் ஓடுகிறது. இதற்காக யாராவது பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்களா? யாருக்காவது மாவுக்கட்டு போட்டார்களா? போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குற்றம் என்ற சொல் யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, யார் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது என்றுதான் கேட்கிறேன்.

எந்தப் படத்தையும் தடை செய்யச் சொல்ல மாட்டேன். தடை என்றால் முதலில் மாட்டப் போவது நம்முடைய படம்தான். நான் கேட்பது வேறு. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு என்கவுன்டருக்கும் முதல் தகவல் அறிக்கை, சுதந்திரமான புலனாய்வு, மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், உடனுக்குடன் பதக்கமோ பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது என்று வழிமுறை வகுத்துக் கொடுத்தது. நம் இயக்கங்கள் ஒவ்வொரு சாவுக்கும் அதைக் கேட்க வேண்டும். செத்தவன் நம் எதிரியாக இருந்தாலும் கேட்க வேண்டும். எதிரிக்காகக் கேட்கிறபோதுதான் அது உரிமை. நமக்கு மட்டும் கேட்டால் அது சலுகை. மாணவத் தோழர்கள் மனு வரிசையில் போய் நின்று அந்தப் பெண்களின் கதைகளை எழுத வேண்டும். படம் எடுக்கப் போகிற தம்பிகள் நிரபராதியை விட்டுவிட்டு ஒரு குற்றவாளியின் உயிருக்காக ஒரு படம் எடுக்க வேண்டும்.

சித்தி மகன் ஜாமீனில் வந்துவிட்டான். கட்டு பிரித்தாயிற்று. கை நேராக நிற்கவில்லை. மூட்டை தூக்க முடியாததால் ஆலையில் பெருக்குகிற வேலை. டிரைவர் வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்கள், கிடைக்காது. போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரவுடிப்படம் பார்க்கப் போனோம். கிளைமாக்ஸில் நாயகன் சுட்டான். தியேட்டர் எழுந்தது. நான் பக்கத்தில் பார்த்தேன். அவனுக்கு இப்போது கை தட்ட வராது. இடது கையால் தொடையைத் தட்டப் போனவன், பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

என் இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.